இல்லாவூரின் பதினான்காம் தாள்

தண்ணீர் அலுவலகத்தில் அவளைக் கோடு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடங்களாக அவள் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: பூமிக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாய்களைத் தாளில் கோடுகளாக வரைவது. எந்தத் தெருவில் குழாய் எத்தனை அடி ஆழத்தில் போகிறது, எங்கே வளைகிறது, எங்கே வால்வு இருக்கிறது எல்லாம் அவள் கையெழுத்தில் இருந்தன. கடைத்தெருவில் நடக்கும்போதுகூட அவள் பார்வை தரையில்தான் இருக்கும். "எதையாவது தொலைச்சுட்டியா?" என்று கணவர் கேட்பார். "இல்லங்க, இந்த இடத்துலதான் எட்டு அங்குலக் குழாய் ஆறு அங்குலமாகுது" என்பாள். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவர், "கல்யாணத்தன்னைக்காவது என் மூஞ்சியப் பாத்தியா, இல்ல அன்னைக்கும் தரையத்தானா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

அந்தக் கோடு அக்காவுக்கு இன்னொரு ஊர் இருந்தது. அது எங்கேயும் இல்லாத ஊர். அலுவலகத்தில் வீணான தாள்களின் பின்பக்கத்தில் அவள் அதைப் பல வருடங்களாக வரைந்துவந்தாள். போன வருடம் அவளுடைய பன்னிரண்டு வயது மகள் அந்தத் தாள்களைப் பரணில் கண்டெடுத்து, படம் பிடித்து, கற்பனை ஊர்களை வரைகிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் போட்டுவிட்டாள். வீட்டில் அந்தப் பெண்ணுக்கு வாலு என்று பெயர். செய்ததை அம்மாவிடம் சொன்னது மூன்று நாள் கழித்துத்தான். அதற்குள் எழுபது பேர் "நாங்களும் வரலாமா?" என்று கேட்டிருந்தார்கள்.

முதலில் அக்காவுக்குக் கோபம் வந்தது. பிறகு அந்த எழுபது கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஓர் அழைப்பு எழுதினாள். "இந்த ஊரின் பெயர் இல்லாவூர். இங்கே யார் வேண்டுமானாலும் வீடு கட்டலாம், கடை போடலாம், பூங்கா வைக்கலாம். நிபந்தனை ஒன்றுதான். கட்டடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அழுக்கு எங்கே போகிறது என்று இரண்டையும் ஒரே தாளில் காட்ட வேண்டும். காட்டாத கட்டடம் இடிக்கப்படும்."

ஒரு வருடத்தில் நானூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். மேல்மாடி என்று ஒருவன் இருபது மாடி விடுதி ஒன்றை அழகாக வரைந்து அனுப்பினான். சாக்கடைக் குழாய் காட்டவில்லை என்று அக்கா அதை இடித்தாள். மூன்று நாள் சண்டை நடந்தது. "கற்பனை ஊர்ல யாரு அக்கா கக்கூஸ் போகப் போறா?" என்று கேட்டான். "இருபது மாடியில ஆள் இருக்குன்னா போவாங்க தம்பி" என்று பதில் போட்டாள். நான்காம் நாள் குழாயோடு வந்தான். அன்றிலிருந்து அவனைப்போல விசுவாசமான குடிமகன் இல்லாவூரில் கிடையாது.

இன்னொருவர் சுண்டெலி. வாயைத் திறக்கவே மாட்டார். வாரத்துக்கு ஒருமுறை வந்து, யாருடைய தாளிலாவது ஒரு தப்பைக் காட்டிவிட்டு வளைக்குள் போய்விடுவார். ஏதோ ஓர் ஊரில் பம்பு நிலையத்தில் வேலை பார்த்தவர் என்பதுமட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் கிழக்குப் பகுதி வந்து சேர்ந்தது. பழைய தெருக்கள் நிரம்பிவிட்டன, புதிய மனைகள் வேண்டும் என்று குழு ஒற்றைக்காலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை கிழக்குப் பகுதியின் குழாய்த் தாள் வரும் என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். அந்த வாரம் பார்த்து வாலுவுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே கதை. நான்கு நாள் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் இல்லாவூர் மறந்தே போனது. வெள்ளிக்கிழமை அலுவலகம் போனபோது குழுவில் நூற்றுக்கணக்கில் கேள்விகள் காத்திருந்தன. "அக்கா கம்பி நீட்டிட்டாங்க" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அது அவளைச் சுருக்கென்று தைத்தது.

மேசைமேல் பதினான்காம் தாள் விரிந்து கிடந்தது. பள்ளிக்கூடத் தெருவும் அதைச் சுற்றியுள்ள சந்துகளும் அடங்கிய தாள் அது. தண்ணீர் நாறுகிறது என்று அந்தப் பக்கத்திலிருந்து புகார்கள் வந்ததால், புகார் வந்த வீடுகளைச் சிவப்புப் பென்சிலால் குறித்துவைக்க அதை அலமாரியிலிருந்து எடுத்திருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு யோசனை ஓடியது. வரைபடக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய யோசனை. கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் டிரேசிங் தாளை எடுத்து, பதினான்காம் தாளின்மேல் வைத்து, குழாய்களை அப்படியே நகலெடுத்தாள். சாக்கடைத் தாள்கள் மேல் தளத்தில் வேறு பிரிவில் இருந்தன. அளவு சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அதையும் ஒரு மணி நேரம் இரவல் வாங்கிவந்து அதே நகலில் ஏற்றினாள். சிவப்புக் குறிகளை விட்டுவிட்டாள், தெருப் பெயர்களை மாற்றினாள். கடைசியில் நகலைத் தோசைபோலத் திருப்பிப் போட்டாள். இடம் வலமானது, வலம் இடமானது. எண்களைமட்டும் நேராகத் திருப்பி எழுதினால் போதும். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

குழாய்த் தாள்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். வால்வு எங்கே என்று கண்டவனுக்குத் தெரிந்தால் ஊர்த் தண்ணீருக்கே ஆபத்து என்பதால் வந்த விதி அது. "இது பதினான்காம் தாள் இல்லை, கண்ணாடியில் தெரியும் பிம்பம்" என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சொன்ன சொல் தவறாமல் தாள் குழுவுக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தாள். சுண்டெலி வளையைவிட்டு வெளியே வந்திருந்தார்.

"கிழக்குத் தாள் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பள்ளிக்கூடம்னு போட்டிருக்கிற கட்டடத்துக்கு முன்னாடி சாக்கடைக் குழாய் நாலடி ஆழம். குடிதண்ணிக் குழாய் அதுக்கு அடியில ஆறடி. சாக்கடை மேல, குடிதண்ணி கீழ. இது வேணும்னே வச்ச பரீட்சையா அக்கா?"

அவளுக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நகலெடுக்கிறவள் எண்ணைப் படிப்பதில்லை, எண்ணின் உருவத்தைத்தான் பார்ப்பாள். ஆறையும் நாலையும் அவளேதான் எழுதியிருந்தாள். ஆனால் படிக்கவில்லை.

அதற்குக் கீழே குழு விளையாட ஆரம்பித்திருந்தது. "இல்லாவூர்ல தண்ணி நாள் முழுக்க வருமா, நேரம் வச்சு வருமா?" என்று ஒருத்தி. "நேரம் வச்சுத்தான்" என்று மேல்மாடி. அதற்குச் சுண்டெலி பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். "அப்படின்னா இன்னும் மோசம். தண்ணி நின்னதும் குழாய் காலியாயிடும். மேல சாக்கடைல கசிவு இருந்தா சொட்டுச் சொட்டா இதுக்குள்ள இறங்கும். திறந்துவிட்டதும் முதல் தண்ணி அதைத் தள்ளிக்கிட்டு வரும். முதல்ல பள்ளிக்கூடத் தொட்டிக்குப் போகும். அப்புறம் இடதுபக்கச் சந்துல அஞ்சு வீடு. மேட்டுத் தெருவுக்கு ஏறாது. அங்க யாரும் புகார் சொல்ல மாட்டாங்க."

"பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுருவோம்" என்று மேல்மாடி சிரிக்கும் முகம் போட்டிருந்தான்.

அக்கா எழுந்துபோய்ப் பதினான்காம் தாளைப் பார்த்தாள். சிவப்புப் பென்சில் குறிகள் ஆறு. பள்ளிக்கூடம் ஒன்று. இல்லாவூரின் இடது, இங்கே வலது. வலதுபக்கச் சந்தில் ஐந்து வீடுகள். மேட்டுத் தெருவில் ஒன்றுகூட இல்லை.

நான்கு நாள் வாலுவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது என்னென்னவோ காரணம் யோசித்தாள். கடைப் பண்டமா, வெயிலா என்று. நேற்றுதான் பிள்ளை மறுபடி அதே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தது. தினமும் நான்கு மணிக்குத்தான் அந்தப் பக்கம் தண்ணீர் திறப்பார்கள். பள்ளிக்கூடத் தொட்டி நிறையும். மறுநாள் காலையில் பிள்ளைகள் குடிக்கும். இப்போது மணி ஒன்றரை.

கீழே ஆவண அறைக்கு ஓடினாள். தான் நகலெடுத்தது தப்பாக இருக்கலாம், மூலத்தில் எண் வேறாக இருக்கலாம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தன் கை தப்பக் கூடாது என்று நினைத்தவள், அன்று முதல் தடவையாகத் தன் கை தப்பியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தூசி தட்டிப் பழைய பதிவேட்டைப் பிரித்தாள். குடிநீர் ஆறடி. சாக்கடைப் பதிவேடு நாலடி. குடிநீர்க் குழாய் போட்டு முப்பது வருடம் கழித்துச் சாக்கடை வந்திருக்கிறது. அதைப் போட்டவர்கள் இந்தப் பதிவேட்டைப் பார்க்கவில்லை. இரண்டு பிரிவு, இரண்டு அறை, இரண்டு தாள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்க யாருக்கும் வேலை வரவில்லை. இல்லாத ஊருக்குத்தான் வந்தது.

மாடிப்படியில் நின்று கணவருக்கு ஃபோன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பின்னால் ஏதோ வண்டியின் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"முதல்ல அந்தத் தாளை அழி" என்றார். "அப்புறம் பொறியாளர்கிட்டப் போ. நீயே கண்டுபிடிச்சேன்னு சொல்லு."

"நம்புவாரா?"

"பதினாறு வருஷமாக் கோடு போடுறவ சொன்னா நம்ப மாட்டாரா? குழு, இல்லாவூரு, எலி, பூனைன்னு எதையும் இழுக்காத. வேலை போயிடும்மா."

அழிக்கவில்லை. ஃபோனைக் கையில் பிடித்தபடியே பொறியாளர் அறைக்குப் போனாள். அவளைவிடப் பத்து வயது சின்னவர். அவளை அக்கா என்பார், இவள் சார் என்பாள். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

இரண்டு பதிவேடுகளையும் மேசைமேல் விரித்தாள். அவர் விரலால் எண்களைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் பழைய அளவு அக்கா. அந்தக் காலத்துல குத்துமதிப்பா எழுதியிருப்பாங்க. அடுத்த வாரம் ஆளை விட்டுப் பாக்கச் சொல்றேன்."

"சார், இன்னைக்கு நாலு மணிக்குத் திறப்பாங்க."

"அதுக்கு? ஒரு பகுதிக்கே தண்ணிய நிறுத்தணும்னா நான் மேல காரணம் சொல்லணும். குழாய் பழசு, பதிவேடு பழசுன்னா சொல்ல முடியும்? ஏதாவது ஆதாரம் வேணும்."

"புகார் வந்திருக்கு சார்."

"புகார் எங்கதான் வரல? தெற்குப் பக்கம் இருவது வந்திருக்கு. இங்க ஆறுதான். இந்த ஆறுக்கும் அந்தச் சந்திப்புக்கும் சம்பந்தம்னு யார் சொன்னா?"

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு அடித்து இருபது நிமிடம். சம்பந்தம் இருக்கிறது என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். இந்த ஊரைக் கண்ணால் பார்க்காதவர். ஒரு புகாரையும் படிக்காதவர். அவர் சொல்லைக் காட்ட வேண்டுமென்றால் அவர் பார்த்த தாளையும் காட்ட வேண்டும்.

ஃபோனை மேசைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் படித்தார். சுண்டெலி, மேல்மாடி என்று படிக்கும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அஞ்சு வீடு, மேட்டுத் தெரு என்று வந்த இடத்தில் அது போய்விட்டது. பதினான்காம் தாளின் சிவப்புக் குறிகளைப் பார்த்தார். ஃபோனில் இருந்த தாளைப் பார்த்தார். தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தார்.

"அக்கா... இது நம்ம தாளு."

"ஆமா சார். திருப்பிப் போட்டிருக்கேன்."

"எத்தனை பேர் பாத்தாங்க?"

"நானூறு."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பியபோது குரல் மாறியிருந்தது. "இதை நீங்க காட்டாம இருந்திருக்கலாம்."

"காட்டலேன்னா அடுத்த வாரம்னு சொல்லிட்டீங்களே சார்."

"நான் பாத்துட்டேன். இனிமே பாக்கலன்னு என்னால சொல்ல முடியாது. புரியுதா?"

"புரியுது."

"முதல்ல அதை அங்கிருந்து எடுங்க. அப்புறம் நடந்ததை எழுத்துல குடுங்க. முழுசா."

அவள் எழுதினாள். அவர் மேலதிகாரியிடம் ஃபோனில் அரை மணி நேரம் வாதாடினார். கடைசியில் தண்ணீரை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போட்டபோது மூன்று முப்பத்தைந்து. வால்வு திறப்பவருக்கு ஃபோன் அடித்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சைக்கிளில் போகும்போது அவர் ஃபோனை எடுக்கவே மாட்டார் என்பது அலுவலகம் முழுவதும் தெரிந்த விஷயம்.

அக்கா உத்தரவைப் பறித்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினாள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் ஒவ்வொரு பெட்டியாக ஊர்ந்தது. பள்ளிக்கூடத் தெரு திருப்பத்துக்கு வந்தபோது மூன்று ஐம்பத்தேழு.

வால்வுக்காரர் தரையில் இருந்த இரும்பு மூடியைத் திறந்து, ஆள் உயர இரும்புச் சாவியை உள்ளே இறக்கியிருந்தார். குடங்களோடும் வாளிகளோடும் பெண்கள் கூடி நின்றார்கள்.

"அண்ணே, திறக்காதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வா தங்கச்சி. தாள்லதான் பாத்திருக்கே, நேர்ல பாக்க வந்தியா? இதுதான் வால்வு. கும்பிட்டுக்கோ."

"அண்ணே, நெஜமாத்தான் சொல்றேன். இன்னைக்கு விடக் கூடாது. உத்தரவு இருக்கு." தாளை நீட்டினாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, எழுத்து எழுத்தாகப் படித்தார். கை மட்டும் சாவியை விடவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "என்னய்யா, படிச்சுப் பாஸ் பண்ணிட்டுத்தான் திறப்பியா?"

"இன்னைக்குத் தண்ணி இல்லம்மா" என்றார் அவர். சாவியை மேலே இழுத்தார்.

ஒரே இரைச்சல். "வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல, குழந்தைய எதுல கழுவறது?" என்றாள் ஒருத்தி. இடுப்பில் குடத்தோடு இருந்த இன்னொருத்தி அக்காவின் நேருக்கு நேராக வந்து நின்றாள்.

"நீ யாரு? ஆபீசா?"

"ஆமாம்மா. தண்ணி நாறுதுன்னு புகார் குடுத்தீங்கள்ல. அதுக்குத்தான். லாரியில தண்ணி வரும்."

"ஒரு வாரமாக் குடுத்தோம். இன்னைக்குத்தான் காது கேட்டுதா உங்களுக்கு?"

அந்தப் புகாரைச் சிவப்புப் பென்சிலால் குறித்தது அக்காதான். குறித்துவிட்டு அதே தாளை இல்லாத ஊருக்கு நகலெடுத்ததும் அவள்தான். தலையைக் குனிந்துகொண்டு லாரி வரும்வரை அங்கேயே நின்றாள். பேசியதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த வாலு, கூட்டத்துக்கு நடுவில் அம்மாவைப் பார்த்துத் திகைத்து, ஒன்றும் கேட்காமல் வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மறுநாள் தோண்டினார்கள். நாலடியில் சாக்கடைக் குழாய், அதன் இணைப்பில் விரல் நுழையும் விரிசல். ஆறடியில் குடிநீர்க் குழாய், இணைப்பைச் சுற்றிக் கருப்பாக ஈர மண். குனிந்து பார்த்த வால்வுக்காரருக்கு அன்று கிண்டல் வரவில்லை. "இதுக்கா தெனமும் சாவி போட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

குடிநீர்க் குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கிப் போட்டு, பள்ளிக்கூடத் தொட்டியைக் கழுவித் தண்ணீர் விட ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் விசாரணையும் முடிந்தது. கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றாள். வேலை போகவில்லை. பொறியாளர் அவளுக்காக எழுதிய இரண்டு பக்கக் கடிதம் அதற்குக் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் வரைபட அறையின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் எந்தத் தாளையும் தொடக் கூடாது. வாசல் பக்கம் புகார் மேசையில் உட்கார்ந்து தொலைபேசி எடுக்க வேண்டும். முதல் வாரம் கை பழக்கத்தில் பென்சிலைத் தேடியது. பக்கத்து மேசைக்காரி, "அக்கா, புகார்ப் புத்தகத்துல கட்டம் கட்டமாப் போட்டு வச்சிருக்கீங்க" என்று காட்டியபோதுதான் அது அவளுக்கே தெரிந்தது.

இல்லாவூரில் கிழக்குப் பகுதி காணாமல் போய்ப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. "எலி தின்னுடுச்சு" என்று மேல்மாடி எழுதியிருந்தான். "நான் அங்க பூங்கா வரைஞ்சு முடிச்சிட்டேன், எங்க வைக்கிறது?" என்று ஒருத்தி கோபித்திருந்தாள். குழுவையே மூடிவிடலாமா என்று அக்கா இரண்டு நாள் யோசித்தாள். மூடினால் அவர்கள் செய்த உதவி யாருக்குமே தெரியாமல் போய்விடும். மூடாவிட்டால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதினாள். "கிழக்குத் தாள் நான் வரைந்தது இல்லை. வேறு இடத்திலிருந்து நகலெடுத்தேன். அது தப்பு. அதை யாராவது சேமித்து வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். கிழக்கே இனி வெறும் நிலம்தான். எல்லோருமாகச் சேர்ந்து முதல் குழாயிலிருந்து போடுவோம். ஆழத்தைச் சுண்டெலி பார்ப்பார்."

முதலில் மேல்மாடி, "அழிச்சிட்டேன்" என்று எழுதினான். அதற்குக் கீழே அதே சொல் இன்னொன்று, இன்னொன்று என்று வரிசையாக இறங்கியது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் சுண்டெலியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. இரண்டே வரி.

"நானும் அழிச்சிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இப்ப எப்படி இருக்காங்க?"

அக்கா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எப்போது தெரிந்தது இவருக்கு, முதல் நாளேவா? கேட்க விரல் எழுந்தது, கேட்கவில்லை. கூடத்தில் வாலு தெருவில் ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்க நின்றுகொண்டு, "அம்மா, தண்ணி" என்றாள்.

"நல்லா இருக்காங்க" என்று எழுதி அனுப்பிவிட்டு, அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.